மலையேற ஒரு பாதம்

மேல் டிவிசன்,
றக்வானை.
12.05.2024

அன்புள்ள டெனிஸ்டனுக்கு,

உங்க பாதம் வந்து சேர்ந்திச்சு. ‘என் பாதம்’னு எழுதத்தான் பேனாவை வச்சேன், கை ‘உங்க பாதம்’னு எழுதிடுச்சு. இருக்கட்டும், அடிச்சுத் திருத்த மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை இரத்தினபுரி கிளினிக்ல மாட்டி விட்டாங்க. காலை நுழைக்கிற பிளாஸ்டிக் கூடு பழசுதான், அதுக்குக் கீழ உங்க புதுப் பாதத்தைப் பூட்டினாங்க. முந்தின பாதம் வெள்ளைக்காரி கால் மாதிரி இருக்கும்ல? “கோகிலா அக்காவோட ஒரு கால் மட்டும் சீமையில இருந்து வந்திருக்கு”ன்னு லயத்து வீட்டுப் பிள்ளைங்க சிரிப்பாங்க. இது என் நிறம். மேல ஒரு நரம்பு கூட ஓடுது. அம்மா அதைத் தடவித் தடவிப் பார்த்துட்டு, “நகத்துக்குக் கியூடெக்ஸ் பூசலாமா?”ன்னு கேட்டிச்சு. கேட்டுட்டு அழுதிச்சு. கொழுந்து லொறி கவிழ்ந்து என் கால் போய் ரெண்டு வருஷமாகப் போகுது, இன்னும் அம்மாவுக்கு அழுகை தீரல.

நான் இப்ப பிள்ளைக்காம்பராவுல வேலை. கொழுந்தெடுக்கப் போற தாய்மார் காலையில பிள்ளைங்களை விட்டுட்டுப் போவாங்க, நான் பால் கரைச்சுக் கொடுத்துத் தூங்க வைப்பேன். நம்ம லயத்துல இருந்து அங்க போக ஒரு ஏத்தம் இருக்கு. முந்தி அப்பா தோள்ல கை போட்டுத்தான் ஏறுவேன். இந்தப் பாதத்தோட தனியா ஏறினேன். அப்பா முன்னால போய் நின்னுக்கிட்டு, பஸ் ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி “வா, வா, வா”ன்னு கையை ஆட்டினாரு. கங்காணி சிரிச்சிட்டாரு.

கோயில் மேட்டுக்கு ஏறினாத்தான் போனுக்கு சிக்னல். அதனாலதான் இந்தக் கடுதாசி. உங்க கொம்பனியிலயும் வேலை செய்யிற இடத்துக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்களே. கடுதாசிதான் நமக்கு எழுதி வச்சிருக்கு போல.

ஒண்ணு கேட்கணும். கோபப்படக் கூடாது. போன தடவை வந்தப்ப அப்பா கல்யாணத்தைப் பத்திக் கேட்டதுக்கு, “கால் சரியாகட்டும் மாமா, கோகி தானா நடந்து வந்து மாலை போடணும்”னு சொன்னீங்க. அப்பாவுக்கு அது பெருமை. எனக்குத்தான் என்னவோ போல இருந்திச்சு. லொறி கவிழுறதுக்கு முந்தியே பரிசம் போட்டாச்சு. மாதா கோயிலா மாரியம்மன் கோயிலாங்கற சண்டை கூட முடிஞ்சிருச்சு. இப்ப எதுக்குக் கல்யாணத்தைக் காலோட சேர்த்துக் கட்டி வைக்கிறீங்க?

கோகிலா

•

ஹோமாகம
02.06.2024

என் கோகிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை வாசிச்சேன்னு கேட்காதே. மாமா பஸ் ரிவர்ஸ் எடுக்கிறதை நினைச்சு, இங்க சாப்பாட்டு மேசையில தனியாச் சிரிச்சேன்.

நீ கேட்டதுக்குப் பதில் சொல்றேன். அதுக்கு முந்தி உன் பாதம் எப்படிப் பிறந்துச்சுன்னு சொல்லணும். அதுக்குள்ள எலும்பு மாதிரி ஒரு நைலோன் கட்டை இருக்கு. குதிகாலுக்கு ஒரு ரப்பர், விரல் பக்கத்துக்கு இன்னொண்ணு, மேல தோலுக்கு இன்னொண்ணு. எல்லாத்தையும் அச்சுல அடுக்கி, சூட்டுல வச்சு அமுக்கி வேக வைக்கிறோம். கொஞ்சம் கூட வெந்தா கல்லாயிடும், குறைஞ்சா ஒட்டாது. எங்கப்பா கஹவத்தையில வெட்டுற ரப்பர் மரத்துப் பால் எங்கேயோ கையுறையா, டயரா போகுதுன்னுதான் சின்ன வயசுல இருந்து கேள்விப்பட்டிருக்கேன். அது மனுஷன் காலாவும் ஆகும்னு சொன்னப்ப, “நெசமாவா?”ன்னு அப்பா ரெண்டு தடவை கேட்டாரு.

பாதத்தைச் சோதிக்க எங்ககிட்ட ஒரு மெஷின் இருக்கு. ராவு பகலா மிதிச்சுக்கிட்டே இருக்கும், லட்சக்கணக்கான மிதி. ஆனா அதோட தரை சமதரை கோகி. வெளிநாட்டு ஓடர் எல்லாம் சமதரையில நடக்கிறவங்களுக்கு. ஏத்தத்துல கணுக்கால் கொஞ்சம் மடியணும். மடியலைன்னா உடம்பு பின்னுக்குத் தள்ளும், மிச்சமிருக்கிற கால் எலும்பு கூட்டோட முன்பக்கத்துல போய் இடிக்கும். மலையில நடக்கிறவங்களுக்குன்னு யாரும் பாதம் செய்யல. நான் கேட்டுக் கேட்டு, ருவானி மேடம் ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்காங்க. அவங்கதான் எங்க தலைமைப் பொறியாளர். சப்ரகமுவ மலைப்பக்கம் ஆறு பேருக்கு இந்தப் பாதத்தைக் கொடுத்திருக்கோம். இந்த மழைக்காலம் முடியிற வரைக்கும் அவங்க நடந்து பார்த்துச் சொல்லணும். நல்லா இருந்தா கொம்பனி தயாரிக்கும். இல்லைன்னா மூடிட்டு சமதரைப் பாதத்துக்கே போயிடுவோம்.

ஓப்பநாயக்கவுல ஹபீஸா அக்கான்னு ஒருத்தவங்க இருக்காங்க. நாள் தவறாம ஒப்பிஸுக்குப் போன்ல கோல் எடுத்து ஏசறாங்க. “தம்பி, இது காலா உலக்கையா?”ன்னு கேட்கறாங்க. மத்தவங்க வாயே திறக்கறதில்ல. நீ ஒருத்திதான் எனக்கு நம்பிக்கை. ஏத்தம் எப்படி, இறக்கம் எப்படின்னு விவரமா எழுது.

கல்யாணம் தள்ளிப் போகுதுன்னு நினைக்காதே. நீ யார் தோளையும் பிடிக்காம வரணும். ‘பாவம்’னு ஒரு வாய் கூட சொல்லக் கூடாது. அவ்வளவுதான் என் ஆசை.

டெனிஸ்டன்

•

மேல் டிவிசன்
30.06.2024

அன்புள்ள டெனிஸ்டனுக்கு,

இந்நேரம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கோயில் மேட்டுல இருந்து கோல் எடுத்தது நான்தான், யார் தோளையும் பிடிக்காமத் தனியா ஏறினேன். நீங்க “கோகி, எங்க நிக்கிறே? எங்க நிக்கிறே?”ன்னு கத்தினது பக்கத்துல பூசாரிக்கே கேட்டிச்சு. காத்துல சரியாப் பேச முடியல. நீங்க அழுதீங்களா சிரிச்சீங்களான்னும் தெரியல.

விவரமா எழுதச் சொன்னீங்க. இறக்கம் நல்லா இருக்கு. ஏத்தமும் நல்லா இருக்கு. சேறுல வழுக்கல. ஒரு சாக்ஸுக்கு ரெண்டு சாக்ஸ் போட்டா ஏத்தத்துக்கு இன்னும் சுகமா இருக்கு. பிள்ளைக்காம்பராவுல நின்னுக்கிட்டே இருக்க முடியுது. சாயங்காலம் மட்டும் கழட்டி வச்சிட்டுக் கொஞ்சம் உட்காருவேன், அது எல்லாரும் செய்யிறதுதானே.

அம்மா தேவையில்லாமக் கத்திக்கிட்டிருக்கு. ஒரு கிழமை லீவு போடு, காலுக்குக் காத்துப் படட்டும்னு சொல்லுது. அம்மாவுக்கு எதுக்கெடுத்தாலும் பயம். நீங்க அம்மாகிட்ட பேசினா அதைக் காதுல வாங்காதீங்க.

இந்த மாசம் வர்றேன்னு சொல்லியிருந்தீங்க. வர வேணாம். றோட்டுல ரெண்டு இடத்துல மண் சரிஞ்சு கிடக்கு, பஸ் பாதியிலயே திருப்பிடறான். மழை விட்டதும் வாங்க. உங்க மேடத்துக்கு நான் நல்லா இருக்குன்னு எழுதினதைக் காட்டுங்க. ஆறு பேருல ஒருத்தி நல்லா ஏறினா போதாதா?

கோகிலா

•

ஹோமாகம
21.07.2024

என் கோகிக்கு,

போதும், போதும்! உன் கடிதத்தை மீட்டிங்ல வாசிச்சேன். தமிழ்ல வாசிச்சு, ஒவ்வொரு வரியா சிங்களத்துல சொன்னேன். கோயில் மேட்டைப் பத்தி வந்தப்ப மேடம் பேனாவைக் கீழ வச்சிட்டுக் கேட்டாங்க. “இவங்க யாரு?”ன்னாங்க. “நான் கட்டிக்கப் போறவங்க”ன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க கோகி. எனக்கு முகமெல்லாம் சூடாயிடுச்சு.

ஹபீஸா அக்காதான் விடறதாயில்ல. ஏத்தத்துல முன் எலும்பு நோகுதாம், தோல் சிவந்து போச்சாம். பஸ் ஏறி இங்கேயே வந்துட்டாங்க. வரவேற்பு மேசையில காலைக் கழட்டி வச்சிட்டு, “இதைப் போட்டுக்கிட்டு நீங்க ஒரு நாள் எங்க வீட்டுக்குத் தண்ணி தூக்குங்க, அப்புறம் பேசலாம்”னு சத்தம். நான் சொன்னேன், அதே மாதிரி மலையில கோகிலான்னு ஒரு பிள்ளை ஏறி இறங்குது, அதுக்கு ஒண்ணும் இல்லையேன்னு. அந்தக்கா கொஞ்சம் சத்தம் கூடின ஆள். ஆனாலும் மேடம் அவங்க தோலைப் பார்த்துட்டு, கணுக்காலுக்கு இன்னும் மெத்தான ரப்பர் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்காங்க. அக்காவுக்கு முதல்ல ஒண்ணு செஞ்சு கொடுத்தாச்சு. மத்தவங்களுக்குச் செப்டம்பர்ல வரும். உனக்கு அவசரமில்லதானே.

இன்னொண்ணு. அப்பாகிட்ட பேசிட்டேன். தை மாசம். நாளை மாமா பார்க்கட்டும், மாதா கோயில் சாமியாரும் சரின்னு சொல்லிட்டாரு. இப்ப சந்தோஷமா?

டெனிஸ்டன்

•

மேல் டிவிசன்
11.08.2024

அன்புள்ள டெனிஸ்டனுக்கு,

தை மாசம்னு எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். சந்தோஷம்.

எனக்கு மழைக் காய்ச்சல். அதனால பெருசா எழுத முடியல. வேலைக்கு ரெண்டு நாளாப் போகல.

மெத்து ரப்பர் செப்டம்பர்ல எப்ப வரும்? ஆரம்பத்துலயா, கடைசியிலயா? சும்மாதான் கேட்டேன்.

கோகிலா

•

இரத்தினபுரி
01.09.2024

கோகி,

வார்ட்டுல பார்வையிடுற நேரத்துக்கு மட்டும்தான் ஆம்பளைங்களை விடறாங்க. வந்தாலும் நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறே. அதனால எழுதி உங்கம்மாகிட்ட கொடுத்து அனுப்பறேன்.

நான் சொல்லாம வந்தது உன்னைச் சந்தோஷப்படுத்த. மெத்து ரப்பர் போட்ட பாதம் பையில இருந்துச்சு. நேரத்தோட முடிஞ்சிடுச்சேன்னு, லீவு போட்டு முதல் பஸ்ல வந்தேன். உங்க காம்பராவுக்குள்ள காலை வச்சதும் ஒரு வாடை. எலி ஏதோ செத்துக் கிடக்குன்னு நினைச்சேன். எனக்கு என்னையே செருப்பால அடிச்சுக்கணும் போல இருக்கு. அம்மா உன் போர்வையைத் தூக்கிக் காட்டினாங்க.

அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? “நான் சொன்னா அடிக்க வர்றா தம்பி. தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட வரமாட்டேங்கறா. புண்ணுன்னு தெரிஞ்சா அவரோட வேலை போயிடும்னு சொல்றா.” எந்த வேலை போகும்? யார் சொன்னது உனக்கு?

றக்வானையில இருந்து த்ரீவீல்ல வந்தப்ப ஒவ்வொரு வளைவுலயும் உன் தலை என் தோள்ல இடிச்சுது. உடம்பு அடுப்பு மாதிரி கொதிச்சுது. அப்பவும் நீ கேட்டது, “மேடத்துக்குத் தெரியுமா?”

நேத்து டொக்டர், பக்கத்துல நின்னு படிக்கிற சின்ன டொக்டர் பிள்ளைக்குச் சிங்களத்துல சொன்னாரு. எலும்பு வரைக்கும் போயிடுச்சு, முழங்காலைக் காப்பாத்த ஏலாதுன்னு. உனக்கு விளங்காதுன்னு நினைச்சுச் சொல்லியிருப்பாரு. உனக்கு விளங்கிச்சு. எனக்கும் விளங்கிச்சு. நாம ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கல.

ஒரு வரி போதும் கோகி. ‘நோகுது’ன்னு ஒரு வரி. ஹபீஸா அக்கா சொன்ன மாதிரி நீயும் சொல்லியிருந்தா அடுத்த பஸ்ல வந்து அந்தப் பாதத்தைக் கழட்டி ஆத்துல எறிஞ்சிருப்பேன். ஏன் சொல்லல? என்கிட்ட ஏன் சொல்லல?

நாளைக்கு ஒப்பரேஷன். நான் கீழ வாசல்லயே இருப்பேன்.

டெனிஸ்டன்

•

மேல் டிவிசன்
13.10.2024

டெனிஸ்டனுக்கு,

வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டேன். தையல் பிரிச்சாச்சு. முழங்காலுக்கு மேல எடுத்தாச்சுன்னு உங்களுக்குத் தெரியும், நீங்கதான் கீழ நின்னீங்களே. நான் கண் முழிச்சப்ப உங்களைத் தேடினேன். அப்புறம் நீங்க வந்தப்ப உங்களைப் பார்க்கப் பிடிக்கல. ரெண்டும் நெசம்தான்.

ஏன் சொல்லலைன்னு கேட்டிருந்தீங்க. சொன்னேன். ரெண்டு சாக்ஸ் போடறேன்னு எழுதினேன். காலுக்குக் காத்துப் படட்டும்னு அம்மா சொல்றதை எழுதினேன். மெத்து ரப்பர் எப்ப வரும்னு கேட்டேன். பாதம் செய்யிறவருக்கு இதுக்கு மேல எப்படிச் சொல்றது? நீங்க அதையெல்லாம் வாசிக்கல. ‘நல்லா இருக்கு’ங்கறதை மட்டும் வாசிச்சீங்க. அதைத்தானே வாசிக்க ஆசைப்பட்டீங்க.

கோயில் மேட்டுல இருந்து கோல் எடுத்தேனே, அன்னைக்குத்தான் முதல்ல தோல் கிழிஞ்சது. இறங்கி வந்து கூட்டைக் கழட்டினப்ப சாக்ஸ் முன்பக்கம் சிவப்பா இருந்திச்சு. நீங்க கத்தின சந்தோஷம் இன்னும் காதுக்குள்ள இருந்திச்சு. நான் என்ன செய்யட்டும்? மறுபடி ஏறிப் போய், “அது பொய்ங்க, நோகுது”ன்னு சொல்லட்டுமா?

மீட்டிங்ல வாசிச்சேன்னு எழுதின கடுதாசி வந்த அன்னைக்கு சாக்ஸ் காஞ்சு புண்ணோட ஒட்டிப் போயிருந்திச்சு. அம்மா வெந்நீர் ஊத்தி ஊத்தி உரிச்சுக்கிட்டிருந்திச்சு. நான் உங்க கடுதாசியைக் கையில வச்சுப் பல்லைக் கடிச்சுக்கிட்டு வாசிச்சேன். எல்லாரும் கை தட்டினாங்கன்னு எழுதியிருந்தீங்க.

‘நீ ஒருத்திதான் நம்பிக்கை’ன்னு எழுதினது நீங்க. நல்லா இல்லைன்னா மூடிடுவோம்னு எழுதினது நீங்க. கால் சரியானாத்தான் கல்யாணம்னு எங்கப்பா முன்னால சொன்னதும் நீங்க. எனக்கு அந்தக் கால் சரியா இருந்தே ஆகணும். சரியா இல்லாட்டியும் சரியா இருக்கணும்.

ஹபீஸா அக்காவை நான் பார்த்ததில்ல. நேத்து கிளினிக் நேர்ஸ் மிஸ்கிட்ட கேட்டேன். புதுப் பாதத்தோட கடைக்குப் போய் வர்றாங்களாம், தண்ணி தூக்கறாங்களாம். அவங்க சத்தம் போட்டாங்க, அவங்களுக்குக் கால் இருக்கு. நான் உங்களுக்காக வாயை மூடிக்கிட்டேன்.

இதை எழுதி முடிச்சதும் அழுகை வரும்னு நினைச்சேன். வரல. கை மட்டும் நோகுது.

கோகிலா

•

ஹோமாகம
24.11.2024

கோகி,

உன் கடிதம் என் சட்டைப் பையிலயே இருக்கு. பதில் எழுத உட்காருவேன், எழுந்துடுவேன். உன் பழைய கடிதங்களையும் எடுத்து வாசிச்சேன். ரெண்டு சாக்ஸ். அது நீ சொன்ன அதே இடத்துலதான் இருக்கு. நான் கண்ணால பார்த்துட்டுத் தாண்டிப் போயிருக்கேன். எங்க வேலையில சாக்ஸ் கூடுதலாப் போடறாங்கன்னா கூடு சரியில்லைன்னு அர்த்தம், முதல் கிழமையே சொல்லிக் கொடுப்பாங்க. வேற யாராவது எழுதியிருந்தா அன்னைக்கே கிளினிக்குக்குக் கூப்பிட்டிருப்பேன்.

மேடத்துகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்க என்னை ஏசல. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். “மிச்ச நாலு பேரையும் நாளைக்கே வரச் சொல்லுங்க, நான் பார்க்கணும்”னு சொன்னாங்க. கஹவத்தையில ஒரு பெரியவருக்கும் தோல் சிவந்திருந்துச்சு. அவரும் வாயைத் திறக்கலை. அவருக்கு நேரத்தோட மாத்தியாச்சு.

எப்படியும் உனக்குத் தெரிய வரும், நானே சொல்லிடறேன். மெத்து ரப்பர் பாதத்தை கொம்பனி தயாரிக்கப் போகுது. தை மாசத்துல இருந்து மலைப்பக்கத்து கிளினிக்குகளுக்குப் போகும். இங்க எல்லாரும் என் முதுகுல தட்டறாங்க. எனக்கு அச்சைத் தொடவே கூசுது.

ஆனா கேள் கோகி. நான் மேடத்துகிட்ட முழங்கால் மூட்டு ஒண்ணு செய்யலாமான்னு கேட்டிருக்கேன். இறக்கத்துல பூட்டிக்கிற மாதிரி, ஏத்தத்துல தானா விடற மாதிரி. படம் வரைஞ்சிட்டேன். ஒரு வருஷம் கொடு. இந்தத் தடவை நானே றக்வானைக்கு வந்து தங்கி, ஒவ்வொரு நாளும் உன் தோலைப் பார்த்துப் பார்த்துச் செய்யறேன். கல்யாணம் தையிலயே நடக்கட்டும். நீ நடந்து வர வேணாம். நான் தூக்கிட்டு வர்றேன்.

டெனிஸ்டன்

•

மேல் டிவிசன்
05.01.2025

டெனிஸ்டனுக்கு,

அப்பா அடுத்த கிழமை கஹவத்தைக்கு வர்றாரு. பரிசப் பொருளையெல்லாம் உங்க வீட்டுல கொடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். உங்க அம்மா ஏசினா கேட்டுக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். அவரைக் கோபமாப் பார்க்காதீங்க. இது அவரு முடிவு இல்ல. மூணு நாளா என்கிட்ட கெஞ்சிப் பார்த்தாரு.

கால் போனதால வேணாம்னு சொல்றேன்னு நினைக்காதீங்க. முதல் தடவை போனப்ப நான் வேணாம்னு சொல்லல. நீங்களும் சொல்லல. உங்க அம்மா வேணாம்னு சொன்னப்ப நீங்க வீட்டை விட்டே வெளிய வந்து நின்னீங்க. அதை நான் மறக்கல. செத்தாலும் மறக்க மாட்டேன்.

உங்க கடுதாசியில முழங்கால் படத்தைப் பத்தி வாசிச்சேன். அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீங்க அதைச் செஞ்சு கொண்டுவருவீங்க. மாட்டி விட்டுட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னு என் முகத்தைப் பார்ப்பீங்க. “எப்படி இருக்கு கோகி?”ன்னு கேட்பீங்க. நான் “நல்லா இருக்கு”ன்னு சொல்வேன். என்னால வேற ஒண்ணும் சொல்ல முடியாது. உங்க முகம் அப்படி இருக்கும். காலுக்கு மட்டும் இல்ல, எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்வேன். சோறு எப்படி, உங்க வீட்டுல எப்படி நடத்தறாங்க, ஒடம்பு எப்படின்னு எது கேட்டாலும். நோகுதுன்னு உங்ககிட்ட சொல்லத் தெரியாத ஒருத்தி, உங்களோட எப்படிக் குடும்பம் நடத்துவா?

நீங்களும் சும்மா இருக்க மாட்டீங்க. நான் ஒரு தரம் முகத்தைச் சுளிச்சா, எங்கே, எங்கேன்னு தேடுவீங்க. நான் சிரிச்சாலும் நம்ப மாட்டீங்க. இனிமே என் பேச்சை நீங்க நம்பவே முடியாது. அது உங்க தப்பு இல்ல.

பாதம் தயாரிக்கறாங்கன்னு கேட்டு எனக்குச் சந்தோஷமா இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். சந்தோஷம்தான். அச்சைத் தொடக் கூசுதுன்னு வேலையை விட்டுடாதீங்க. மலையில இன்னும் எவ்வளவு பேர் இருக்காங்க. ஒண்ணு மட்டும் செய்யுங்க. கொடுக்கிறவரே போய் “நல்லா இருக்கா?”ன்னு கேட்காதீங்க. வேற ஒரு பொம்பளையை அனுப்புங்க. அவ கேட்க வேணாம், கழட்டிப் பார்க்கட்டும்.

இனி எழுதாதீங்க. வராதீங்க.

கோகிலா

•

கஹவத்தை
09.02.2025

கோகி,

எழுதாதேன்னு சொல்லியும் எழுதறேன். இதுதான் கடைசி.

சர்மிளான்னு ஒரு பிள்ளையை எடுத்திருக்காங்க, பலாங்கொடைப் பக்கம். வீடு வீடாப் போய்க் கழட்டிப் பார்க்கிற வேலை. நீ சொன்னதைத்தான் மேடத்துகிட்ட சொன்னேன்.

நீ சொன்னதெல்லாம் சரியா இருக்கலாம். ஆனா அப்பாவையும் தபாலையும் அனுப்பி முடிச்சிட்டே. உன் வாயால ஒரு தடவை கேட்கணும். வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியான பஸ்ல வர்றேன். வாசல்ல நின்னு ஒரு தடவை கூப்பிடுவேன். கதவு திறந்தா உள்ளே வருவேன். திறக்கலைன்னா அதுவே உன் பதில்னு எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன், திரும்பிக் கூடப் பார்க்க மாட்டேன்.

டெனிஸ்டன்

•

மேல் டிவிசன்
23.02.2025

டெனிஸ்டனுக்கு,

போன ஞாயித்துக்கிழமை நான் வீட்டுலதான் இருந்தேன். அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

பஸ் வந்த சத்தம் கேட்டிச்சு. அம்மா அடுப்புல இருந்த சட்டியை இறக்கி வச்சிட்டு என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்திச்சு. நீங்க வாசலுக்கு வந்து “கோகி”ன்னு கூப்பிட்டீங்க. சத்தமா இல்ல, பக்கத்துல இருக்கிற ஆளைக் கூப்பிடற மாதிரி. அம்மா கதவுக்கு எழுந்திச்சு. நான்தான் சேலையைப் பிடிச்சு உட்கார வச்சேன். “அந்தப் பிள்ளை வெயில்ல நிக்குதுடி”ன்னு அம்மா சொல்லிச்சு. நான் பிடியை விடல.

ஜன்னல் பலகை இடுக்குல உங்களைப் பார்த்தேன். மெலிஞ்சு போயிட்டீங்க. தாடி விட்டிருக்கீங்க, அது உங்களுக்கு நல்லா இல்ல. ரொம்ப நேரம் நின்னீங்க. பக்கத்துக் காம்பராவுல யாரோ தண்ணி கொண்டாந்து கொடுத்தாங்க. குடிச்சிட்டுக் கப்பைக் கழுவிக் கொடுத்தீங்க. அப்புறம் போனீங்க.

நீங்க றோட்டுல இறங்கி நடக்கிற வரைக்கும் நான் சரியாத்தான் இருந்தேன். வளைவுக்குக் கிட்டப் போனதும் சப்பாத்து நூல் அவுந்திடுச்சு போல, குனிஞ்சு கட்டினீங்க. அப்பத்தான் எனக்கு என்னமோ ஆச்சு. அக்குள் கட்டை ரெண்டையும் எடுத்தேன். ஒண்ணு கீழ விழுந்திச்சு. அம்மா எடுத்துத் தர்றதுக்குள்ள சுவரைப் பிடிச்சுக்கிட்டே போனேன். கதவோட தாழ்ப்பாள் எப்பவும் இறுக்கம், அது உங்களுக்கும் தெரியும். திறந்துட்டு வாசலுக்கு வந்தேன்.

நீங்க வளைவைத் தாண்டிட்டீங்க.

கூப்பிட்டிருக்கலாம். கேட்கிற தூரம்தான். வாயைத் திறந்தேன், சத்தம் வரல. அம்மா பின்னால வந்து நின்னிச்சு. “ஓடிப் போய்ச் சொல்லட்டுமா?”ன்னு கேட்டிச்சு. வேணாம்னு தலையை ஆட்டினேன். பஸ் ஹோன் அடிச்சுட்டு இறங்கிப் போற சத்தம் கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டு நின்னேன்.

மறுபடி வரச் சொல்லி இதை எழுதல. என் முடிவு அதேதான். ஆனா கதவு திறக்கலைன்னு நீங்க நினைச்சுக்கிட்டிருப்பீங்க. திறந்திச்சு. நான் வந்து சேரத்தான் நேரமாயிடுச்சு.

கோகிலா